விண்கல் மோதிய இடத்துக் கல்லை வெப்ப ஒளிர்வால் ஆராய்வது எப்படி: களத்திலிருந்து வளைகோடு வரை

தென்னாப்பிரிக்காவில் விண்கல் மோதிய இடங்களான ஃபிரெடஃபோர்ட்டுக்கோ ட்ஸ்வாயிங்குக்கோ ஒரு சனிக்கிழமை போய் நாலு கல்லைப் பொறுக்கி வந்து, பொடியாக்கி, சூடாக்கி ஒளியை அளக்கும் மெஷினில் போட்டால் விண்கல் மோதிய தடயம் தானாகத் தெரிந்துவிடும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்தும் வந்து புவியியல் படிக்கும் நம் பிள்ளைகள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, மெஷின் எப்போ ஃப்ரீ?" என்பதுதான். மெஷின் வேலை கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்தால் வரும் வளைகோடு அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இவற்றின் கதிர்வீச்சு, குவார்ட்ஸ் ஃபெல்ட்ஸ்பார் போன்ற படிகங்களில் எலக்ட்ரான்களைப் பெயர்த்து, படிகத்தில் உள்ள குறைகளில் சிக்கவைக்கிறது. அந்தக் குறைகளைப் பொறி என்போம். சூடாக்கினால் எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒளி வருகிறது. ஒளியின் அளவை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது ஒளிர்வு வளைகோடு. விண்கல் மோதும்போது அதிர்ச்சி அலை படிகத்தைச் சிதைத்து பொறிகளையே மாற்றுகிறது. கூடவே வரும் சூடு பொறிகளைக் காலி செய்கிறது. இரண்டும் வேறு வேறு விளைவு, பல சமயம் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. வயதா, அதிர்ச்சியா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே கருவியில் இரண்டு விதமான வேலை நடக்கிறது. மோதல் எப்போது நடந்தது என்று கேட்பது ஒன்று. அதிர்ச்சி எந்தத் தூரம் வரை, எந்த அளவு கல்லைத் தாக்கியது என்று கேட்பது இன்னொன்று. கல் எடுக்கும் முறை, ஆய்வகத்தில் தயாரிக்கும் முறை, அளக்கும் வரிசை எல்லாமே இதைப் பொறுத்து மாறும். அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன்.

ஃபிரெடஃபோர்ட்டின் வயது சுமார் 202 கோடி ஆண்டு. அங்கே வயதுக் கேள்வியே எழாது. முற்றத்தில் வைத்த குடம் நிரம்பி வழிந்த பிறகு மழை எத்தனை மணி நேரம் பெய்தது என்று குடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொறிகளும் அப்படித்தான், நிரம்பிவிட்டால் அதற்கு மேல் காலத்தைப் பதிவு செய்யாது. 14.5 கோடி ஆண்டுப் பழைய மொரோக்வெங் என்ற மோதல் பள்ளமும் அதே கதை. அது கலஹாரி மணலுக்கு அடியில் புதைந்து கிடப்பதால் துளையிட்டு எடுத்த கல்தான் கிடைக்கும் என்பது கூடுதல் சிக்கல்.

ட்ஸ்வாயிங் எல்லைக்கோட்டில் நிற்கிறது. பிரிட்டோரியாவுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், 1.13 கிலோமீட்டர் விட்டத்தில் இருக்கும் இந்தப் பள்ளத்துக்கு, பிளவுத்தட முறையில் (யுரேனியம் அணு பிளந்து கனிமத்தில் விட்ட தடங்களை எண்ணும் முறை) கிடைத்த வயது சுமார் 2,20,000 ஆண்டு, அதுவும் 52,000 ஆண்டு முன்பின் பிழையோடு. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பொட்டாசியம் 4 சதவீதம், யுரேனியம் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு), தோரியம் 15 பிபிஎம் உள்ள ஒரு கிரானைட் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 கிரே (கல் ஏற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிரளவு சேரும். 2,20,000 ஆண்டில் அது 1,100 கிரேயைத் தாண்டிவிடும். குவார்ட்ஸ் பொறிகள் பொதுவாகச் சில நூறு கிரேயிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். களத்துக்குப் போகும் முன் பத்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது, ஆனால் பெரும்பாலானோர் ஆறு மாத உழைப்புக்குப் பிறகுதான் போடுகிறார்கள்.

வயது முறை கைகொடுத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள மீட்டியர் கிரேட்டருக்கு 1985-இல் வெளியான வெப்ப ஒளிர்வு வயது 49,000 ஆண்டு, பிழை 3,000. மோதல் அண்மையது, கல் நன்றாகச் சூடேறியிருந்தது, பொறிகள் நிரம்பியிருக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வயதுப் பக்கம் போங்கள். தென்னாப்பிரிக்காவில் உள்ள இடங்களுக்கு, என் கருத்தில், அதிர்ச்சிப் பரவலை ஒப்பிடுவதே உருப்படியான வேலை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனுமதி முதலில். ஃபிரெடஃபோர்ட் டோம் 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் நிலத்தின் பெரும்பகுதி தனியார் பண்ணைகள். ஆக பாரம்பரியத் துறையிடம் ஒன்று, பண்ணைக்காரரிடம் ஒன்று என்று இரண்டு அனுமதி தேவைப்படும். 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம் விண்கற்களையும் பாதுகாக்கிறது, எனவே களத்தில் விண்கல் துண்டு போல ஏதாவது கண்ணில் பட்டால் பைக்குள் போடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு தகவல் கொடுங்கள். பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே போன் செய்து, எத்தனை பேர் வருகிறோம், எவ்வளவு கல் எடுப்போம், குழியை மூடுவோமா என்று சொல்லிவிட்டால் அடுத்த முறையும் கேட் திறக்கும்.

அடுத்தது ஆய்வக நேரம். மகாண்டாவில் இருக்கும் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் குவார்ட்ஸ் ஒளிர்வு ஆராய்ச்சி பல வருடமாக நடக்கிறது. எந்த ஆய்வகமாக இருந்தாலும் கல் எடுப்பதற்கு முன்பே பேசி, கருவியில் என்ன ஃபில்டர் இருக்கிறது, அதில் உள்ள பீட்டா கதிர் வீசும் மூலப்பொருள் இப்போது நொடிக்கு எத்தனை கிரே கொடுக்கிறது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கையாள அவர்களிடம் தனி வசதி உண்டா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்து வந்து ஒரு வருடம் அலமாரியில் வைத்துவிட்டு ஆய்வகம் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பு விளக்குள்ள இருட்டறை, தண்ணீர் விட்டு அறுக்கும் ரம்பம், அகேட் உரல், சல்லடைகள், கனிமங்களை அடர்த்தியால் பிரிக்கும் கனத்த திரவம், பாறை மென்தகடு (நுண்ணோக்கியில் பார்க்க, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்த கல் துண்டு) செய்து தரக்கூடிய ஆள். இந்தப் பட்டியலில் கடைசியாக வருபவர்தான் கிடைப்பதற்கு மிகவும் அரிது.

3. மோதல் படாத கல்லை முதலில் தேடுங்கள்

வழக்கமாக எல்லோரும் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வெளியிலிருந்து தொடங்கச் சொல்வேன். அதிர்ச்சி பட்ட கல் மங்கலாக ஒளிர்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதே கல் அதிர்ச்சி படாமல் எப்படி ஒளிரும் என்று தெரிய வேண்டும். ஒரே பாறை அடுக்கு, ஒரே கனிமச் சேர்க்கை, கிட்டத்தட்ட ஒரே துகள் அளவு. இது கிடைக்கவில்லை என்றால் உள்ளே எடுக்கும் கல்லுக்கு மதிப்பே இல்லை.

ஃபிரெடஃபோர்ட்டில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நடுக் கிரானைட் பகுதியைச் சுற்றி செங்குத்தாகவும் தலைகீழாகவும் புரண்டு நிற்கும் விட்வாட்டர்ஸ்ராண்ட் அடுக்குகளில் ஆரஞ்ச் க்ரோவ் குவார்ட்ஸைட் (குவார்ட்ஸ் மணற்கல் இறுகி உருவான பாறை) ஒன்று. அதே குவார்ட்ஸைட்தான் ஜோஹன்னஸ்பர்க் நகருக்குள்ளேயும் முகடாக நீள்கிறது. வீட்டுப் பக்கத்திலேயே ஒப்பீட்டுக் கல் என்று சந்தோஷப்படலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. ஃபிரெடஃபோர்ட் பக்கத்துக் குவார்ட்ஸைட் ஆழத்தில் இருந்து மேலே வந்தது, ஜோஹன்னஸ்பர்க் கல்லைவிட அதிகம் சூடு கண்டது. அதனால் ஒரே ஒரு ஒப்பீட்டுக் கல்லோடு நிறுத்தாதீர்கள். மோதலின் தாக்கம் இல்லாமல் வெறும் சூடு மட்டும் கண்ட ஒரு குவார்ட்ஸைட்டையும், உதாரணமாக ஓர் எரிமலைப் பாறைச் சுவரை ஒட்டிய கல்லை, சேர்த்துக்கொண்டால் சூட்டின் விளைவு எது, அதிர்ச்சியின் விளைவு எது என்று பிரிக்க வழி கிடைக்கும்.

ட்ஸ்வாயிங்கில் அடிப்பாறை புஷ்வெல்டைச் சேர்ந்த நெபோ கிரானைட். பள்ளத்தின் விளிம்பிலிருந்து மூன்று நான்கு விட்டத் தூரமாவது தள்ளிப் போய், சிதறி விழுந்த கல்லாக இல்லாமல் மண்ணோடு வேரூன்றி நிற்கும் பாறையில் எடுங்கள்.

4. களத்தில் கல் எடுப்பது

இங்கே இரண்டு எதிரிகள், நெருப்பும் மின்னலும். வெயில் மூன்றாவதுதான்.

ஹைவெல்ட் மேட்டுநிலப் புல்வெளி குளிர்கால வறட்சியில் எரிவது வழக்கம். புல் நெருப்பு வேகமாகக் கடந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு புதரோ விழுந்த மரமோ பாறையோடு ஒட்டி எரிந்தால் மேல் சில சென்டிமீட்டரில் பொறிகள் காலியாகிவிடும். அதை அளந்துவிட்டு மோதலின் சூடு என்று எழுதினால் தெரியாமல் பொய் சொன்னவர்களாகிறோம். மேற்பரப்பில் கரி, செதில் செதிலாக உரிந்த தோல், செங்கல் நிறம் தெரிந்தால் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். மின்னல் விஷயமும் அப்படித்தான். ஃபிரெடஃபோர்ட் மேற்பரப்புப் பாறைகளின் காந்தத் தன்மையை மின்னல் எவ்வளவு குழப்பியிருக்கிறது என்பதைக் காந்த ஆய்வுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். குன்றின் உச்சியில் எடுக்காமல் ஓடைக்கரை வெட்டு, சாலை வெட்டு, பழைய கல் குவாரிச் சுவர் இப்படிப்பட்ட இடங்களில் எடுங்கள்.

கல் இரண்டு கை அகலமாவது இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் வெளித்தோலை அறுத்து எறிந்த பிறகும் உள்ளே போதுமான கல் மிஞ்ச வேண்டும் என்பதுதான் காரணம். சின்னச் சின்னச் சில்லுகளைப் பை நிறைய அள்ளி வருவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அதில் ஒரு துகள்கூட வெளிச்சம் படாததாக இருக்காது. மேல்பக்கம் எது, வடக்கு எது என்று கல்லிலேயே எழுதி, அலுமினியத் தாளில் சுற்றி, அதன் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் பை. பக்கி வண்டியின் பின்தட்டில் திறந்தபடி போடாமல் பெட்டிக்குள் வையுங்கள்.

ஃபிரெடஃபோர்ட் கிரானைட்டில் கறுப்பு நரம்புகள் போல ஓடும் சூடோடாகிலைட்டைப் பார்ப்பீர்கள். அது உருகி உறைந்த பாறை, பக்கத்துக் கல்லையும் சூடாக்கியிருக்கும். பார்க்க அழகாக இருப்பதால் எல்லோரும் அதை ஒட்டியே எடுக்கிறார்கள். எடுங்கள், ஆனால் நரம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் அளந்து எழுதி, தனி வரிசையாக வையுங்கள். நடுவிலிருந்து வெளியே போகும் முக்கிய வரிசையோடு கலக்காதீர்கள்.

5. பொடியாக்கும் முன் மென்தகடு

கல்லின் ஒரு முனையை அறுத்து மென்தகடு செய்து நுண்ணோக்கியில் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். ஏனென்றால் மோதலுக்கான சான்று இங்கேதான் கிடைக்கிறது, ஒளிர்வில் இல்லை. குவார்ட்ஸ் துகளில் ஒன்றுக்கொன்று இணையாக, நெருக்கமாக, ஒரு துகளில் பல திசைகளில் ஓடும் பிடிஎஃப் கோடுகள் (அதிர்ச்சியால் படிகத்தில் உண்டாகும் தட்டையான சிதைவுத் தளங்கள்) சுமார் 10 கிகாபாஸ்கல் அழுத்தத்துக்கு மேல்தான் தோன்றும். 35-ஐத் தாண்டினால் குவார்ட்ஸ் உருகாமலேயே கண்ணாடித் தன்மைக்கு மாறத் தொடங்கும். ஃபெல்ட்ஸ்பாரும் ஏறக்குறைய அதே அழுத்த வரம்பில் படிகத் தன்மையை இழந்து மாஸ்கெலினைட் ஆகிறது. ஷாட்டர் கோன் எனப்படும் குதிரைவால் போன்ற விரிகோடுகள் இதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வந்துவிடும். அது இருப்பதால் மட்டும் துகளுக்குள் பெரிய மாற்றம் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஒவ்வொரு மென்தகட்டிலும் நூறு துகளாவது எண்ணி, எத்தனையில் கோடுகள், எத்தனை திசைகள் என்று பட்டியல் போடுங்கள். பின்னால் ஒளிர்வு எண்களை வைத்துப் பார்க்க இதுதான் அச்சு. ஃபிரெடஃபோர்ட்டில் மோதலுக்குப் பின் நடுப்பகுதி நெடுங்காலம் சூடாக இருந்ததால் கோடுகள் பல இடங்களில் ஆறிப்போய், நுண்ணிய திரவப் புள்ளிகளின் வரிசையாகத்தான் தெரியும். அவசரமாகப் பார்த்தால் தவறவிடுவீர்கள்.

மென்தகட்டுக்காரர் ரெசினை இறுக்கக் கல்லைச் சூடுபடுத்துவார். அவரிடமிருந்து திரும்பி வரும் மிச்சத் துண்டை ஒளிர்வுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

6. உடைப்பதும் பிரிப்பதும்: அதிகம் கெட்டுப்போகும் இடம்

இனிமேல் எல்லாம் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில். முதலில் தண்ணீர் விட்டு, மெதுவாக அறுத்து எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தோலை நீக்குங்கள். ரம்பம் சூடாகும் வேகத்தில் தள்ளினால் நீங்களே பொறிகளைக் காலி செய்தவர்களாவீர்கள்.

உடைக்கும்போது மோதி நசுக்குவதும் அரைப்பதும் ஒளிர்வையே உண்டாக்கும், துகளின் மேற்பரப்பையும் கெடுக்கும். உருண்டைகள் மோதி அரைக்கும் பால் மில்லில் போட்டு ஐந்து நிமிடத்தில் மாவாக்குவது வசதிதான், அதற்காக ஆராய வந்த அதிர்ச்சியோடு நம் அதிர்ச்சியையும் சேர்த்துவிடக் கூடாது. சுத்தியலால் பட்டாணி அளவுக்கு உடைத்து, பிறகு அகேட் உரலில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, அடிக்கடி சல்லடையில் தட்டி, தேவையான அளவுக்கு வந்ததை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். 90 முதல் 150 மைக்ரான் வரை உள்ள துகள் வசதியானது. எல்லாக் கல்லுக்கும் ஒரே அளவைப் பின்பற்றுங்கள், துகள் அளவு மாறினால் பிரகாசமும் மாறும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் கார்பனேட்டும், ஒளியை விழுங்கும் இரும்புத் துருவும் போகும்.

அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள். வண்டல் மண் வயது பார்க்கும் ஆய்வகங்களில் குவார்ட்ஸைப் பிரிக்க ஒரு நிலையான முறை இருக்கிறது. சோடியம் பாலிடங்ஸ்டேட் திரவத்தில் 2.62-க்கும் 2.70-க்கும் இடைப்பட்ட அடர்த்தியில் வருவதை எடுத்து, 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நாற்பது நிமிடம் போடுவார்கள். மண்ணுக்கு அது சரி. நம் கல்லுக்கு இந்த இரண்டு படியுமே தேடி வந்ததைத் தூக்கி எறிந்துவிடும்.

காரணம் இதுதான். சாதாரணக் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. சுமார் 25 கிகாபாஸ்கலுக்கு மேல் அடிபட்ட குவார்ட்ஸின் அடர்த்தி இறங்கிக்கொண்டே போய், கண்ணாடித் தன்மை வந்ததும் 2.2-ஐ நெருங்குகிறது. அதாவது அதிகம் தாக்கப்பட்ட துகள்கள் மேலே மிதக்கும், ஃபெல்ட்ஸ்பாரோடு சேர்ந்து கழிவுக் குவளைக்குப் போகும். மிஞ்சுவது அடிபடாத துகள்கள், அவற்றை அளந்து "நடுவிலும் வெளியிலும் வித்தியாசமே இல்லை" என்று முடிவு எழுதுவோம். அமிலமும் அப்படித்தான். பிடிஎஃப் கோடுகளில் இருக்கும் ஒழுங்கற்ற சிலிக்காவை அது முதலில் தின்னும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோடுகளைத் தெளிவாகக் காட்ட இதே அமிலத்தால் அரிக்கவைப்பார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

ஆகவே 2.62-க்குக் கீழே மிதப்பதையும் தனிக் குப்பியில் சேர்த்து வையுங்கள். நுண்ணோக்கிக்கு அடியில் ஊசியால் துகள் துகளாகப் பொறுக்குவது சலிப்பான வேலை, அதற்கு மாற்று இல்லை. பொறுக்கியதில் ஃபெல்ட்ஸ்பார் கலந்திருக்கிறதா என்று பார்க்க அகச்சிவப்பு ஒளியால் தூண்டிப் பாருங்கள். அறை வெப்பநிலையில் ஃபெல்ட்ஸ்பார் ஒளிரும், குவார்ட்ஸ் ஏறக்குறையச் சும்மா இருக்கும். அமிலம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு பாதிக்கு மட்டும் போட்டு, மறுபாதியை அப்படியே அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு வெளியிடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பயிற்சி இல்லாமல், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல், தனி ஆளாகத் தொடவே கூடாது. தோலில் பட்டால் உடனே வலிக்காது, அதுதான் ஆபத்து.

7. கருவியைச் சோதியுங்கள்

துகள் பரப்பும் உலோகத் தட்டைக் காலியாக வைத்து 450 டிகிரி செல்சியஸ் வரை ஓட்டிப் பாருங்கள். வளைகோடு கடைசியில் மட்டும் மெல்ல உயர்ந்தால் சரி, அது சூடான உலோகத்தின் சொந்த ஒளி. நடுவில் மேடு தெரிந்தால் தட்டில் அழுக்கு. நைட்ரஜன் ஓட்டம் நிலையாக இருக்க வேண்டும், காற்று கலந்தால் கதிர்வீச்சோடு சம்பந்தமில்லாத போலி ஒளி வரும்.

மின்வெட்டு பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 300 டிகிரியில் கரண்ட் போனால் அந்தத் துகள்கள் அத்தோடு போயின, கல் காலம் காலமாக ஏற்ற கதிரால் வரும் இயற்கை ஒளிர்வை இரண்டாம் முறை அளக்க முடியாது. லோட்ஷெடிங் இல்லாத நாளாக இருந்தாலும் கருவியும் கணினியும் யூபிஎஸ் மேல் இருக்கட்டும்.

8. அளக்கும் வரிசை

வரிசை மாறினால் திருத்த முடியாத இடம் இது. புதியவர்கள் ஆசையோடு முதலில் இயற்கை ஒளிர்வை 450 டிகிரி வரை அளந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குவார்ட்ஸின் 110 டிகிரி உச்சியின் (வளைகோட்டில் 110 டிகிரி பக்கத்தில் எழும் மேடு) அசல் உணர்திறன், அதாவது கொடுத்த கதிரளவுக்கு எவ்வளவு ஒளிர்கிறது, என்னவென்று இனி எப்போதும் தெரியாது. கதிர்வீச்சு ஏறிய குவார்ட்ஸை நன்றாகச் சூடாக்கினால் அந்த உச்சியின் உணர்திறன் பல மடங்கு கூடிவிடும் என்பது தெரிந்த விஷயம். எனவே நான் பின்பற்றும் வரிசை இப்படி:

முதலில் ஒரு சிறிய சோதனைக் கதிரளவு கொடுத்து 160 டிகிரி வரை மட்டும் சூடாக்கி, 110 டிகிரி உச்சியின் உயரத்தைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு அதே தட்டை 450 வரை ஏற்றி இயற்கை ஒளிர்வு. ஆறியதும் எதுவும் கொடுக்காமல் இன்னொரு முறை 450 வரை. அது பின்னணி, கழித்துக்கொள்ள. பிறகு பழைய அதே சோதனைக் கதிரளவு, மறுபடி 160 வரை. கடைசியில் பெரிய கதிரளவு ஒன்று கொடுத்து 450 வரை. இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு தட்டு.

சூடாக்கும் வேகம் நொடிக்கு 5 டிகிரி என்று வைத்தால் கடைசி வரை அதையே வையுங்கள், வேகம் மாறினால் உச்சிகள் இடம் மாறும். துகள்களைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவித்துப் போட்டால் மேலே இருப்பது தாமதமாகச் சூடாகி உச்சி தள்ளிப்போகும். கதிரளவு கொடுத்ததற்கும் சூடாக்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை எல்லாத் தட்டுக்கும் ஒன்றாக்குங்கள். 110 டிகிரி உச்சி அறை வெப்பநிலையிலேயே சில மணி நேரத்தில் பாதியாகக் கரையும். டர்பன் கோடையில் ஏசி இல்லாத அறையில் இன்னும் வேகமாக. டீ குடிக்கப் போய்வந்த தட்டும் போகாத தட்டும் வேறு வேறு எண் காட்டும்.

ஒவ்வொரு தட்டையும் நிறுத்து எடை எழுதுங்கள். ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு தட்டுக்குக் குறையாமல் ஓட்டுங்கள். அதிர்ச்சி அலை ஒரே சீராகப் பரவுவதில்லை, முக்கியமாகத் துளைகள் உள்ள மணற்கல்லில் ஒரு துகள் கண்ணாடியாகி இருக்கும்போது பக்கத்துத் துகள் ஒன்றும் ஆகாமல் இருக்கும். மூன்று தட்டின் சராசரியை வைத்து இதைப் பிடிக்க முடியாது. சராசரியைவிட, தட்டுக்குத் தட்டு எவ்வளவு சிதறுகிறது என்பதே பல சமயம் அதிகம் சொல்லும்.

9. வளைகோட்டைப் படிப்பது

முதலில் எடையால் வகுங்கள், பிறகு ஒப்பீட்டுக் கல்லோடு ஒரே தாளில் வரையுங்கள். தனித்தனித் தாளில் வரைந்தால் கண் ஏமாற்றும்.

இயற்கை ஒளிர்வும் உணர்திறனும் இரண்டுமே குறைந்திருந்தால், படிக அமைப்பு சிதைந்திருக்க வாய்ப்பு. ஆய்வகத்தில் அதிர்ச்சி கொடுத்துச் சோதித்த ஃபெல்ட்ஸ்பாரில், அழுத்தம் ஏறி கண்ணாடித் தன்மை வரும்போது உணர்திறன் சரிவது காட்டப்பட்டிருக்கிறது. இங்கே மென்தகட்டுப் பட்டியலை எடுத்து, பிடிஎஃப் அதிகமுள்ள கல்லும் மங்கலான கல்லும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இயற்கை ஒளிர்வு குறைவு, உணர்திறன் மட்டும் இயல்பாகவோ அதிகமாகவோ இருந்தால், அந்தக் கல் அண்மையில் சூடாகியிருக்கிறது. அண்மையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபிரெடஃபோர்ட்டில் இப்படி வந்தால் அது நிச்சயமாக மோதலின் சூடு கிடையாது, 202 கோடி ஆண்டில் பொறிகள் எப்போதோ நிரம்பிவிட்டன. காட்டுத் தீயையோ மின்னலையோ உங்கள் ரம்பத்தையோ சந்தேகியுங்கள். பழைய பள்ளங்களில் இயற்கை ஒளிர்வின் அளவுக்கு அர்த்தமில்லை. உணர்திறனும், உச்சிகளின் இடமும், 325 டிகிரி பக்கத்து உச்சிக்கும் 375 பக்கத்து உச்சிக்கும் உள்ள விகிதமும்தான் பேசும்.

உணர்திறன் ஒப்பீட்டுக் கல்லைவிடப் பல மடங்கு கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அதற்கு மேல் சூடு கண்ட குவார்ட்ஸ் பிரகாசமாக ஒளிர்வது சகஜம். மோதலின் சிதைவு மங்கச் செய்யும், பின்வந்த சூடு ஒளிரச் செய்யும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து, நடுப்பகுதிக் கல் வெளிப்பகுதிக் கல் போலவே தெரியக்கூடும். அதனால் நடுவிலிருந்து தூரம் போகப் போக ஒளிர்வு நேர்க்கோடாகக் கூட வேண்டும் என்று எதிர்பார்த்து, பொருந்தாத புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். பிரகாசத்தை நேரடியாகக் கிகாபாஸ்கலாக மாற்றும் வேலையும் வேண்டாம். இந்தக் கல் அந்தக் கல்லைவிட இவ்வளவு மடங்கு, மென்தகட்டில் இத்தனை சதவீதம் என்பதோடு நில்லுங்கள்.

10. வயதுதான் வேண்டும் என்பவர்களுக்கு

சூத்திரம் எளிது: கல் ஏற்ற மொத்தக் கதிரளவை ஆண்டுக் கதிரளவால் வகுக்க வேண்டும். சிக்கல் எல்லாம் அடியில் இருக்கும் எண்ணில். கல்லில் மட்டுமில்லாமல் சுற்றியிருந்த முப்பது சென்டிமீட்டர் மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எவ்வளவு என்று அளக்க வேண்டும், ஈரப்பதத்தையும் ஹைவெல்டின் உயரத்தில் கூடும் விண்கதிரையும் சேர்க்க வேண்டும். அதனால் களத்திலேயே மண்ணையும் ஒரு பையில் அள்ளி, ஈரம் போகாமல் ஒட்டி வையுங்கள்.

மோதலில் கல் முழுவதும் காலியானதா என்பதற்குப் பீடபூமிச் சோதனை செய்யுங்கள். இயற்கை ஒளிர்வை ஆய்வகக் கதிர் ஏற்றிய ஒளிர்வால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் வகுத்தால், 300 முதல் 400 வரை சமமான கோடு வர வேண்டும். சாய்ந்தால் வயது எழுத வேண்டாம்.

ஃபெல்ட்ஸ்பாரை நம்பும் முன் மங்கல் சோதனையும் தேவை. கதிர் ஏற்றிய தட்டுகளை இருட்டில் வைத்து ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து அளந்து, சூடாக்காமலேயே ஒளிர்வு கசிகிறதா என்று பாருங்கள். மகாராஷ்டிராவின் லோனார் பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 1997-இல் வெப்ப ஒளிர்வு கொடுத்த வயது சுமார் 52,000 ஆண்டு, 2011-இல் ஆர்கான் முறை (பொட்டாசியம் சிதைந்து சேரும் ஆர்கானை அளப்பது) கொடுத்தது சுமார் 5,70,000. பத்து மடங்குக்கு மேல் இடைவெளி. நிரம்பிய பொறிகளும் கசியும் ஃபெல்ட்ஸ்பாரும் வயதைக் குறைத்தே காட்டும், ஒருபோதும் கூட்டிக் காட்டாது. எனவே இந்த முறையில் வரும் எண்ணைக் கீழ் வரம்பாக எழுதி, ஆர்கானோ பிளவுத்தடமோ வேறொரு முறையில் சரிபார்க்கும் வரை அப்படியே விடுங்கள். அந்த இரண்டாவது சோதனைக்காக ஒவ்வொரு கல்லிலும் அறுக்காத ஒரு பாதியை, மேல்பக்கக் குறி அழியாமல், இருட்டுப் பெட்டியில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.